வீட்டுப் பயிற்சிக்கு மாணவர்களுக்கு வாத்தியம் கொடுத்தனுப்புவது: எதை, எந்த அளவில்? (டெல்லி)

சரளிவரிசை:
மயூர் விஹாரில் சனி, ஞாயிறு வகுப்பு. வயலினுக்கு ஐந்து பேர், மிருதங்கத்துக்கு நாலு பேர், வீணைக்கு இரண்டு பேர். எல்லாரும் 7 முதல் 13 வயது. வாத்தியத்தைத் தொடுவது வகுப்பில் மட்டும்தான். ஞாயிறன்று மூன்றாம் காலம் (மூன்றாவது வேகம்) வாசித்த குழந்தைக்கு அடுத்த சனிக்கிழமை முதல் காலமே தடுமாறுகிறது. பெற்றோர் சேர்ந்து பணம் போட்டிருக்கிறார்கள். வகுப்பின் பெயரில் வாங்கி, வீட்டுக்கு இரவல் கொடுக்கலாம் என்று எண்ணம். எதை முதலில் வாங்குவது? இந்த ஊர் வெயிலில் என்னென்ன கெடும்?

நாலுதந்தி:
வயலினில் ஆரம்பியுங்கள் மேடம். குழந்தை வளர வளர அளவு மாற்ற வேண்டியிருப்பதால் இரவலுக்கு அதுதான் தோது. வயதைப் பார்த்து அளவு முடிவு செய்ய வேண்டாம். இடது கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, கழுத்திலிருந்து உள்ளங்கை நடுவரை டேப் பிடியுங்கள். சுமார் 20 அங்குலம் என்றால் அரை வயலின், 22 என்றால் முக்கால், 23 தாண்டினால் முழு அளவு. இடையில் விழுந்தால் சின்னதையே கொடுங்கள். பெரியதில் நாலாம் விரல் எட்டாமல் மணிக்கட்டை மடக்கிப் பழகிவிட்டால், அதைத் திருத்த மாதக்கணக்காகும்.

சுருதி 5 கட்டையில் (மேற்கத்திய G) இருக்கட்டும். கடையில் வரும் தந்திகளில் தடித்த இரண்டும் அப்படியே நிற்கும், மெல்லிய இரண்டை மட்டும் இரண்டிரண்டு அரைஸ்வரம் இறக்கினால் ச-ப-ச-ப வந்துவிடும். அரை வயலினை 2 கட்டைக்கு இறக்கினால் தந்தி தொளதொளத்து, வில் பட்டதும் கரகரக்கும். குழந்தை தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்ளும்.

நாலு தந்திக்கும் ஃபைன் ட்யூனர் (வால் பக்கத்துச் சின்னத் திருகு) போட்டே கொடுங்கள். மே மாத வறட்சியில் பிரடை (தந்தியை முறுக்கும் முளை) சுருங்கி வழுக்கும், ஆகஸ்டில் உப்பி இறுகும். வீட்டில் அப்பா அம்மா பிரடையை முறுக்கினால் தந்தி அறுவது நிச்சயம். தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். நாலையும் ஒரே சமயம் கழற்றினால் குதிரை (தந்திகளைத் தாங்கும் மரப்பாலம்) விழும், உள்ளே அழுத்தத்தில் நிற்கும் சவுண்ட் போஸ்ட்டும் (சின்ன மரத்தூண்) சாய்ந்துவிடும். அதை நிறுத்த ஆளைத் தேட வேண்டும்.

புது வில்லில் ரோசின் (வில்லில் தடவும் பிசின்) இருக்காது. புது ரோசின் கட்டியும் கண்ணாடிபோல் வழவழவென்று இருக்கும். உப்புத்தாளால் மேலே லேசாகத் தேய்த்து, வெள்ளைப் பொடி கிளம்பிய பிறகு வில்லில் தடவிக் கொடுத்தனுப்புங்கள். இல்லாவிட்டால் அன்று ராத்திரியே "வயலினில் சத்தமே வரவில்லை" என்று போன் வரும்.

வலந்தலை:
மிருதங்கத்துக்கும் 5 கட்டையே வைத்துக்கொண்டால் 22 அங்குல ஹெச்சு (உயர்ந்த) சுருதி வாத்தியம் போதும். 24 அங்குலம் தக்கு (தாழ்ந்த) சுருதிக்கு. தோல்வார் பிடித்ததைவிட நட்டு-போல்ட்டு வைத்ததை வாங்குங்கள். கல்லும் புள்ளும் (மரத்துண்டு) வைத்துத் தட்டிச் சுருதி சேர்ப்பது ஏழு வயதுக் கைக்கு வராது, அவசரத்தில் கல் நழுவித் தோலில் விழும். போல்ட்டிலும் ஒன்றையே முறுக்கிக்கொண்டு போகக்கூடாது. கால் சுற்று, அடுத்தது நேர் எதிரே கால் சுற்று.

தொப்பிக்கு (இடப்பக்கத் தோல்) ரவை பிசைந்து ஒட்டினால் வாசித்து முடித்ததும் சுரண்டி, ஈரத் துணியால் துடைத்தாக வேண்டும். விட்டுவிட்டால் காய்ந்து தோலோடு பிடித்துக்கொள்ளும், கரப்பானும் எலியும் வரும். அதைச் செய்யமாட்டார்கள் என்று தோன்றும் வீட்டுக்குச் சிலிக்கான் பசை போட்டதைக் கொடுங்கள்.

டெல்லியில் முக்கியமாகச் சொல்ல வேண்டியது கூலர். குழந்தை காற்று வரும் இடத்தில்தான் உட்காரும். தண்ணீர்க் கூலரின் ஈரக்காற்று நேரே பட்டால் வலந்தலை (வலப்பக்கத் தோல்) அரைமணியில் இறங்கிவிடும். உடனே போல்ட்டை ஏற்றுவார்கள். கூலரை நிறுத்தியதும் தோல் காய்ந்து இறுகும், ஏற்கெனவே ஏற்றியதும் சேர்ந்து கரணை (நடுவிலுள்ள கறுப்புப் பூச்சு) விரிசல் விடும். குளிர்காலத்தில் ரூம் ஹீட்டர் பக்கமும் வேண்டாம்.

சரளிவரிசை:
கூலர் விஷயம் யோசிக்கவே இல்லை. வீணைக்கு என்ன செய்வது சார்?

மேளக்கட்டு:
வீணையை வீட்டுக்கு அனுப்பாதீர்கள் என்பேன். 24 மெட்டும் (தந்திக்குக் கீழுள்ள உலோகக் கட்டைகள்) மெழுகில்தான் உட்கார்ந்திருக்கின்றன. வெயிலில் நிறுத்திய காரிலோ மொட்டைமாடிக்குக் கீழ் அறையிலோ மெழுகு இளகினால் மெட்டு ஒரு நூல் நகரும், ஸ்வரம் பிசகும். மறுபடி மேளம் கட்ட (மெட்டுகளை மெழுகில் சரியாகப் பதிக்க) தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டும். இரண்டே பேர்தானே? வகுப்பறைச் சாவியை நம்பிக்கையான ஒரு பெற்றோரிடம் கொடுத்து, வாரத்தில் மூன்று மாலை அங்கேயே வாசிக்கச் சொல்லுங்கள்.

மற்றவற்றுக்கு முன்பணம், ஒரு நோட்டு, கொடுக்கும் நாளில் நாலு போட்டோ: முன்பக்கம், பின்பக்கம், குதிரை, பிரடை. மே நடுவில் பள்ளி மூடியதும் பாதிக் குடும்பம் ஊருக்குக் கிளம்பிவிடும். பூட்டிய ஃப்ளாட்டில் ஆறு வாரம் கிடந்தால் வயலின் பசை விட்டுப் போகும். அதற்கு முந்தைய ஞாயிறே எல்லாவற்றையும் திரும்ப வாங்கிவிடுங்கள்.

சரளிவரிசை:
சரி சார், அப்படியே செய்கிறேன். திரும்ப வாங்கும்போது வயலினில் முதலில் எதைப் பார்க்க?

நாலுதந்தி:
குதிரையை. சுருதி ஏற்ற ஏற்றத் தந்தி அதைப் பிரடைப் பக்கம் இழுக்கும். வால் பக்க முகம் பலகைக்குச் செங்குத்தாக, இரண்டு பாதமும் எஃப் துளைகளின் உள்வெட்டுக்கு நேராக இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் தந்திகளைச் சற்றுத் தளர்த்தி, இரண்டு கையாலும் மேல்விளிம்பைப் பிடித்து நிமிர்த்துங்கள்.