கோடை விடுமுறையில் மாணவர்களை அகழாய்வுக் குழியில் இறக்கலாமா?

செம்புரான்:
தொல்லியல் படிக்கும் பிள்ளைகளுக்குக் கோடையில் ஒரு மாத அகழாய்வுப் பயிற்சியைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து. கீழடி நம் சிவகங்கை மாவட்டத்திலேயே இருக்கிறது. செட்டிநாட்டு வீட்டின் சாயலில் கட்டிய அருங்காட்சியகத்தை 2023-ல் அங்கே திறந்தார்கள். காரைக்குடிப் பிள்ளைகள் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தால் போதுமா? மண்ணடுக்கைப் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள், குழிச் சுவரில் மண்ணின் நிறம் மாறும் இடத்தை ஒருமுறையாவது கரணையால் (கொத்தனார் கரண்டி போன்ற கருவி) சுரண்டிப் பார்க்க வேண்டாமா?

தாழி:
ஐயா, தோண்டிய இடத்தை மறுபடி தோண்ட முடியாது. கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரிக்குக் கி.மு. 6-ஆம் நூற்றாண்டு என்று காலம் வந்தது. ஆழத்தைச் சரியாகக் குறித்ததால்தான் அந்தக் காலக்கணிப்புக்கு மதிப்பு. பழகாத கை ஓர் அடுக்கைக் கலக்கிவிட்டால் போனது போனதுதான்.

செம்புரான்:
பிள்ளைகளைத் தனியாகக் குழி போடச் சொல்லவில்லையே. உரிமம் பெற்று நடக்கும் அகழாய்வில், அனுபவமுள்ளவர் பக்கத்தில் நிற்க, ஒரு குழிக்கு இரண்டு மாணவர்கள் இருந்தால் போதும். தப்பு வரும் என்று பயந்து கரணையையே கொடுக்காவிட்டால், வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல் தப்பைச் செய்வார்கள். அப்போது பக்கத்தில் திருத்த ஆள் இருக்காது.

கண்டனூர் வள்ளி:
அண்ணே, இரண்டு பேருமே பணத்தைப் பற்றிப் பேசவில்லை. என் தங்கை எம்.ஏ. படிக்கிறாள். கோடையில் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனால்தான் அடுத்த பருவத்துக்குக் கட்டணம் கட்ட முடியும். வெளிநாட்டில் இப்படிப்பட்ட பயிற்சி பலவற்றுக்கு மாணவர்தான் காசு கட்ட வேண்டும். அதே வழக்கம் இங்கேயும் வந்தால் வசதியான வீட்டுப் பிள்ளைகள்தான் இந்தத் துறைக்கு வருவார்கள். குழியில் மண் சுமக்கும் உள்ளூர்க்காரர்களுக்குக் கூலி உண்டு, மாணவருக்கும் தினப்படி கொடுங்கள். பெண்பிள்ளைகளுக்குத் தங்க நல்ல இடமும் கழிப்பறையும் வேண்டும். சித்திரை வெயிலில் 11 மணிக்கு மேல் யாரையும் குழியில் நிறுத்தக் கூடாது.

தாழி:
வள்ளி சொல்வது அத்தனையும் சரி. ஆனாலும் முதல் கோடையில் குழி வேண்டாம் என்றே சொல்வேன். புதுக்கோட்டைப் பக்கம் செம்புராங்கல் மேடுகளில் பழங்காலத்து ஈமக் கல்வட்டங்களும் முதுமக்கள் தாழிகளும் இருக்கின்றன. மண் அள்ளுகிறவர்களும் மனை போடுகிறவர்களும் எந்த மேட்டுக்கும் வந்துவிடலாம். அதற்கு முன் மாணவர்கள் ஊர் ஊராக நடந்து, எது எங்கே கிடக்கிறது என்று வரைபடத்தில் குறித்தால் அதுவே பெரிய ஆய்வு. பானை ஓட்டுத் துண்டைக் கையில் எடுக்காமல் பார்க்கப் பழகுவதும் பயிற்சிதான். அப்புறம் குழிக்கு வரட்டும்.

செம்புரான்:
நடப்பது நல்ல யோசனை, முதல் பத்து நாள் அதற்கே கொடுக்கலாம். ஒரு கோடை முழுவதையும் கொடுக்க மாட்டேன். எம்.ஏ. படிப்பே இரண்டு வருஷம்தான், நடுவில் வருவது ஒரே ஒரு கோடை.

கண்டனூர் வள்ளி:
நடக்கிற அந்தப் பத்து நாளுக்கும் படி உண்டு என்று சேர்த்து எழுதுங்கள் அண்ணே. தங்கையிடம் இன்றைக்கே சொல்கிறேன்.