தாண்டிக்குடி வீடு 🏡 (குடும்பம் மட்டும்)

15 ஜூன் 2024, சனி

பெரியப்பா: துப்பாக்கி வந்துருச்சு

பெரியப்பா: 📷

செல்வி அக்கா: ஐயோ அப்பா, வாயெல்லாம் துரு

மதுரை அத்தை: பெரியண்ணே, அடுத்த ஞாயிறு அப்பா திதி. படத்துக்கு முன்னாடி இதையா வைக்கிறது

சித்தப்பா: எலெக்‌ஷன் வந்தா லைசென்ஸ் துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும், இதான் கதி. மார்ச்ல பளபளன்னு குடுத்தோம். மூணு மாசம் ஸ்டேஷன் மூலையில கெடந்துருக்கு

கார்த்தி: WD-40 அடிங்க பெரியப்பா. வழிச்சு எடுத்துரும்

மதுரை அத்தை: தேங்காண்ணெ போதும். அப்பா அதான் போடுவாரு

சித்தப்பா: அப்பா போட்டது வெளக்கெண்ணெ

மதுரை அத்தை: நீ அப்ப பொறந்தே இருக்க மாட்ட

வாத்தியார் மாமா: எண்ணெய் அப்புறம். முதல்ல தண்ணி. இது வாய் வழியா கரி மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி. கரி மருந்துல நூத்துக்கு 75 வெடியுப்பு, 15 கரி, 10 கந்தகம். வெடிச்சதும் எல்லாம் புகையாப் போயிரும்னு நினைப்பு. பாதிக்கு மேல உப்பாவும் கசடாவும் குழல்லயே ஒட்டிக்கிடும். அந்த உப்பு காத்துல இருக்குற ஈரத்தை இழுக்கும். தாண்டிக்குடி மூட்டத்துக்குக் கேக்கணுமா. உப்பு எண்ணெயில கரையாது, தண்ணியிலதான் கரையும். கழுவாம எண்ணெய் விட்டா மேல பளபளப்பு, அடியில அரிப்பு.

செல்வி அக்கா: கிளாஸ் ஆரம்பம் 😄

வாத்தியார் மாமா: 1857ல என்ஃபீல்டு தோட்டா காகிதத்துல கொழுப்பு தடவுனதே, குழல்ல வழுக்கிப் போறதுக்கும் கசடு இளகுறதுக்கும்தான். அதுல வந்தது சிப்பாய்க் கலகம்.

மதுரை அத்தை: வீட்லயும் இதே பாடம்தான். யாராவது பெரிய தேக்சா வச்சிருக்கீங்களா? திதிக்கு 40 பேரு

நான்: எங்க வீட்ல இருக்கு அத்தை. மூடி இல்ல

பெரியப்பா: மாப்ள எப்படிக் கழுவணும்

வாத்தியார் மாமா: குழல் அடியில, பொறி தர்ற கேப் மாட்டுற குமிழ்தான் நிப்பிள். அதைக் கழட்டி எடுங்க மச்சான். கொதிக்கிற தண்ணில கொஞ்சம் சோப்பு. குழல் வாயில புனல் வச்சு ஊத்துங்க, நிப்பிள் ஓட்டை வழியா கருப்பா வரும். கந்தக நாத்தம் அடிக்கும், பயப்படாதீங்க. கோல்ல பனியன் துணி சுத்தி மேலயும் கீழயும் இழுங்க. தண்ணி தெளிவா வர்ற வரைக்கும். கொதிதண்ணின்னா இரும்பு சூடேறித் தானா காஞ்சிரும். ஆனா காஞ்ச கையோட எண்ணெய் போடலைன்னா அரை மணி நேரத்துல செவப்புப் பூக்கும். மறுநாளும் துணி விட்டுப் பாக்கணும், பழுப்பு ஒட்டுனா திரும்பத் துடைக்கணும். நிறுத்தி வைக்கிறப்ப வாய் கீழ. இல்லன்னா எண்ணெய் எல்லாம் எறங்கி அடியில கட்டிக்கிடும்.

பெரியப்பா: அண்டால தண்ணி வச்சாச்சு

சித்தப்பா: அண்ணே உங்களுக்கு 72 ஆச்சு. எழுபதுக்கு மேல லைசென்ஸை வாரிசுக்கு மாத்திக்கலாம்னு ரூல் இருக்கு. திதிக்கு எல்லாரும் வர்றப்பவே கையெழுத்தைப் போட்டுட்டா

மதுரை அத்தை: எந்தக் கையெழுத்து

சித்தப்பா: மத்த வாரிசுக ஆட்சேபணை இல்லன்னு எழுதித் தரணும். அவ்வளவுதான்

மதுரை அத்தை: ஆரஞ்சுக் காட்டுக்கும் அவ்வளவுதான்னுதான் சொன்ன

செல்வி அக்கா: நான் வாரிசு இல்லையா சித்தப்பா?

கார்த்தி: அக்கா நீ சுடுவியா 😂

செல்வி அக்கா: உங்கப்பா சுட்டதைப் பாத்தோமே

வாத்தியார் மாமா: தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி ஒண்ணு. குழல் காலியான்னு பாத்தீங்களா? கேப் இல்லன்னு உறுதி பண்ணிட்டு, வாய்க்கு நேரா தலையக் குடுக்காம கோலை மெதுவா உள்ள விடுங்க. வாய் விளிம்புல கோல்ல சாக்பீஸ் கோடு. எடுத்துக் குழலுக்கு வெளிய ஒட்டி வச்சுப் பாருங்க. நுனி நிப்பிள் கிட்ட வரணும்.

பெரியப்பா: இரு

நான்: செல்வி அக்கா மூடி உங்ககிட்ட இருக்கா

செல்வி அக்கா: என்ன மூடி

பெரியப்பா: நாலு விரல் குறையுது

வாத்தியார் மாமா: கோலை எடுத்துருங்க. திரும்ப விடாதீங்க.

மதுரை அத்தை: குறையுதுன்னா?

வாத்தியார் மாமா: உள்ள ஏதோ இருக்கு. குளவிக்கூடா இருக்கலாம்.

சித்தப்பா: குளவிதான். ஸ்டேஷன்ல குளவி ஜாஸ்தி

செல்வி அக்கா: ஒரு நிமிஷம். மேல போய்ப் பாருங்க, ஜனவரி 16, மாட்டுப்பொங்கல். கார்த்தி போட்ட வீடியோ. முதல் வெடி சரியா வெடிச்சுது. ரெண்டாவதுக்கு டப்புன்னு கேப் மட்டும். நாமதான் எல்லாரும் சிரிப்பு போட்டுருக்கோம்

கார்த்தி: 🙈

வாத்தியார் மாமா: முதல் வெடிக் கசடு ஓட்டையை அடைச்சிருக்கும். பொறி உள்ள போகலை. சின்ன மச்சான், அந்த மருந்தை எடுத்தீங்களா?

வாத்தியார் மாமா: மச்சான்?

சித்தப்பா: பந்திக்குக் கூப்ட்டாங்க

பெரியப்பா: மருந்தோடயாடா ஸ்டேஷன்ல குடுத்த

சித்தப்பா: குடுத்தது நீங்க. லைசென்ஸ் உங்க பேரு. நான் வெறும் ரிட்டெய்னர், உங்க சார்பா வச்சுக்கிறவன்

பெரியப்பா: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

மதுரை அத்தை: அண்ணே என்ன போட்டீங்க

கார்த்தி: நான் படிச்சிட்டேன் 😶

செல்வி அக்கா: கார்த்தி அந்த வீடியோவ அழி. எல்லாருக்கும்னு குடுத்து அழி

கார்த்தி: இப்ப அழிக்க முடியாதுக்கா. அஞ்சு மாசம் ஆச்சு. அவங்கவங்க போன்ல அவங்கவங்கதான் அழிக்கணும்

வாத்தியார் மாமா: மச்சான், கழுவுறது இன்னைக்கு வேண்டாம். வாய் ஆள் இல்லாத பக்கம், மண்சுவரைப் பாத்து இருக்கட்டும். அடுப்பு, பீடி பக்கம் வேண்டாம். குத்தி எடுக்கவும் கூடாது. டீலர்கிட்ட நுனியில திருகு வச்ச கோல் இருக்கும், அவர் வந்து இழுத்து எடுக்கட்டும். அஞ்சு மாசக் கசடு கீழ எவ்வளவு தின்னுருக்குன்னு அப்பதான் தெரியும். துரு ஸ்டேஷன்ல வந்தது இல்ல.

சித்தப்பா: சரி வாத்தியாரே

மதுரை அத்தை: யாரு கூட்டிட்டு வர்றது டீலரை

நான்: சித்தப்பா வத்தலக்குண்டுலதான இருக்காங்க

சித்தப்பா: இந்த வாரம் மிளகு எடைக்குப் போகணும். பாப்போம்

செல்வி அக்கா: அப்பா பீடியக் கீழ போடுங்க

பெரியப்பா: போட்டாச்சு. அண்டா தண்ணில பெரியம்மா குளிக்கப் போயிட்டா