இருளர் பெண்களின் கருத்தைச் சேர்க்க வழி சொல்லுங்கள்

வணக்கம். கடலூர் மாவட்டத்தில் எந்த உடல்நலப் பிரச்சினைகளை முதலில் ஆராய வேண்டும் என்று மக்களிடமே கேட்டுப் பட்டியல் போடுகிறோம். பிரிட்டனில் 2004-இல் தொடங்கிய ஜேம்ஸ் லிண்ட் அலையன்ஸ் என்ற அமைப்பு நோயாளிகளையும் மருத்துவர்களையும் ஒன்றாக உட்காரவைத்துச் செய்கிற முறைதான். ஆன்லைன் படிவத்துக்குப் பதில் போட்டவர்கள் பெரும்பாலும் டவுன்காரர்கள். பிச்சாவரம் பக்கம் கழியில் இறங்கி, இறாலைக் கையால் தடவிப் பிடிக்கும் இருளர் அக்காமார் ஒருவர்கூட இல்லை. வீட்டுக்கு ஒரே போன், அதுவும் பகலில் ஆண்களோடு போய்விடும். மணிக்கணக்கில் சேற்றுத் தண்ணீரில் நின்று வரும் கால்புண்ணைப் பற்றி அவர்கள் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்?

வாட்ஸ்அப் குரல்பதிவில் கருத்து வாங்கிய அனுபவம் யாருக்காவது உண்டா? எந்த நேரம் ஒத்துவந்தது, ரீசார்ஜ் செலவை எப்படிக் கொடுத்தீர்கள்? அப்புறம், இருளர் சமூகத்துப் பெண்கள் யாராவது எங்களோடு சேர்ந்து கேள்விகளைத் தயாரிக்க முன்வந்தால் ரொம்ப உதவியாக இருக்கும். அதற்குச் சம்பளம் தருகிறோம்.