'ஸ்டிக்மா'வுக்குக் 'களங்கம்' பொருந்துமா? 'பழிமுத்திரை' பற்றிய பரிந்துரை

அன்புடையீர், வணக்கம்.

எச்.ஐ.வி. விழிப்புணர்வு ஆவணங்களில் 'ஸ்டிக்மா' (stigma, ஒருவரை இழிவானவராகக் கருதும் சமூகத்தின் முன்முடிவு) என வருமிடத்தில் 'களங்கம்' என்றே எழுதிவிடலாம் என்னும் முந்தைய மடலின் கருத்தில் எனக்கு உடன்பாடில்லை. நிலவின் களங்கம் நிலவிலேயே இருப்பது. பார்ப்பவர் கொண்டுபோய் ஒட்டியதன்று. "களங்கத்தைப் போக்குவோம்" என்று அரசுச் சுவரொட்டியில் எழுதினால், கறை தொற்றாளரிடம் இருப்பதாகவும் அதை நாம் பெரிய மனத்தோடு துடைத்துவிடுவதாகவும் ஆகிவிடும்.

'புறக்கணிப்பு', 'பாகுபாடு' ஆகியவை செயலைக் குறிப்பவை. செயலுக்குச் சட்டம் உண்டு. 2017-இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், வேலை, கல்வி, மருத்துவம், வாடகை வீடு ஆகியவற்றில் தொற்றாளரிடம் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்வதோடு, 100 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனம் புகார் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதற்கு முன்பே "இவர் இப்படிப்பட்டவர்" என்று மேலாளர் மனத்தில் எழுதி முடித்துவிட்ட தீர்ப்புக்கு வேறு சொல் வேண்டும்.

'பழிமுத்திரை' என்பது என் பரிந்துரை. முத்திரை தானாக விழாது. குத்துவதற்கு ஒரு கை வேண்டும். கிரேக்க மூலச்சொல்லும் உடலில் பிறர் இட்ட குறியையே சுட்டியது. உறவினருக்குத் துணையாக ஒரு மருத்துவமனையில் தங்கியிருந்தபோது, பக்கத்துக் கட்டிலில் தொங்கிய அட்டையில் மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்ததைக் கண்டேன். யாரும் வாய் திறக்கவில்லை; மாலையில் சாப்பாடு கொண்டுவந்தவர் அவருடைய தட்டை மட்டும் எட்ட நின்று ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுப் போனார். அந்த வட்டத்தைக் 'களங்கம்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

'பழி' என்றதும் பழிவாங்குதல் நினைவுக்கு வரும் என்பது நியாயமான மறுப்பே. எனினும் 'வீண்பழி', 'பழி சுமத்துதல்' என்னும் வழக்குகள் அதைவிட அருகில் நிற்கின்றன. 'பழிமுத்திரையும் பாகுபாடும்' என்று சேர்த்தெழுதும்போது மோனையும் அமைந்துவிடுகிறது. சுவரொட்டி எழுதுவோருக்கு அது சிறிய உதவியன்று.

ஓரிடத்தில் மட்டும் இச்சொல் தடுமாறுகிறது. தமிழ்நாட்டில் ஆலோசனை, பரிசோதனை மையத்துக்கு 'நம்பிக்கை மையம்' என்று நோயின் சுவடே இல்லாத பெயரை அரசு வைத்தும், அதன் வாசல்வரை வந்து திரும்பிவிடுபவர் தம்மீது தாமே குத்திக்கொள்ளும் முத்திரையை என்னவென்பது? 'உள்முத்திரை' செயற்கையாக ஒலிக்கிறது. 'தன்பழிப்பு' ஓரளவு நெருங்குகிறது. இதைவிடப் பொருத்தமான சொல் தோன்றினால் எழுதுங்கள்.