லென்ஸோடு சென்சாரும் கழன்று வரலாமா? ரிக்கோ ஜிஎக்ஸ்ஆரை முன்வைத்து ஒரு வழக்கு

குறிஞ்சிநிலவன்:

கழற்றி மாட்டும் கேமரா என்றாலே பாடி ஒன்று, லென்ஸ் பல என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். 2009 நவம்பரில் ஜப்பானின் ரிக்கோ நிறுவனம் அறிவித்த ஜிஎக்ஸ்ஆர் கேமரா அந்தப் பழக்கத்தையே புரட்டிப் போட்டது. அதில் பாடி என்பது பிடி, திரை, பேட்டரி, பொத்தான்கள், ஃபிளாஷ் அவ்வளவுதான். லென்ஸ், ஒளியைப் படமாக வாங்கும் சென்சார், படத்தைப் பதப்படுத்தும் சில்லு மூன்றும் ஒரே பெட்டிக்குள் அடைபட்டு வரும். அதற்கு 'கேமரா யூனிட்' என்று பெயர் வைத்தார்கள். பக்கவாட்டில் வைத்துத் தள்ளினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும். அந்த நொடியில் கையில் இருப்பது வேறொரு கேமரா.

முதலில் இரண்டு யூனிட்டுகள் வந்தன. ஒன்று, 50 மி.மீ. கோணத்துக்கு இணையான எஃப்/2.5 மேக்ரோ (மிக நெருங்கிப் படமெடுக்கும் லென்ஸ்), ஏபிஎஸ்-சி என்ற பெரிய சென்சார், 12 மெகாபிக்சல். மற்றது 24-72 மி.மீ. ஜூம் (எண் சிறிதானால் அகலக் காட்சி, பெரிதானால் தூரம் நெருங்கும்), 1/1.7 அங்குலச் சிறிய சென்சார், 10 மெகாபிக்சல். 2010-இல் 28-300 ஜூமும் 28 மி.மீ. லென்ஸும் சேர்ந்தன, 2011-இல் லைக்கா நிறுவனத்தின் எம் வகை லென்ஸ்களை ஏற்கும் யூனிட், 2012-இல் 16 மெகாபிக்சலில் 24-85 ஜூம். அதோடு நின்றுபோனது.

சந்தை கைவிட்டது என்பதற்காக அந்த யோசனையையே தவறு என்று எழுதுவது அநியாயம் என்பது என் கட்சி. பெரும்பாலான மிர்ரர்லெஸ்ஸில் (உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத, லென்ஸ் கழலும் கேமராக்களில்) லென்ஸைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் சென்சார் வெளிக்காற்றில் திறந்து கிடக்கிறது. தேரோடும் வீதியிலும் மணல் பறக்கும் கடற்கரையிலும் லென்ஸ் மாற்றியவர்களுக்கு அதன் விலை தெரியும். லென்ஸின் துளையை எஃப்/16 என்ற சிறிய அளவுக்கு மூடி வானத்தைப் படமெடுத்தால் நீலம் முழுக்கக் கரும்புள்ளிகள். ஜிஎக்ஸ்ஆரில், எம் யூனிட் தவிர, சென்சார் அப்படித் திறந்து கிடக்க வழியே கிடையாது. நீள ஜூமுக்குச் சிறிய சென்சார், மேக்ரோவுக்குப் பெரிய சென்சார் என்று லென்ஸுக்கு ஏற்ற சென்சாரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் வடிவமைப்பாளருக்குக் கிடைக்கிறது. வேறெந்த அமைப்பில் 28-300 லென்ஸை இவ்வளவு சிறிய உருவத்தில் மாட்ட முடியும்?

தேன்சிட்டு:

தூசியைப் பொறுத்தவரை உங்களோடு சண்டை இல்லை. ஆனால் நான் பூச்சிகளைப் படமெடுப்பவள். அந்த 50 மேக்ரோ யூனிட் கையில் இருந்தபோது கூர்மையில் அது சொக்க வைத்தது. தானியங்கிக் குவியம்தான் முன்னும் பின்னும் தேடித் தேடிக் காலம் கடத்தும். தும்பி இலையை விட்டுப் போன பிறகுதான், குவியம் கிடைத்தது என்று பச்சைச் சதுரம் எரியும்.

மற்ற அமைப்புகளில் இதற்கு மருந்து உண்டு. லென்ஸை வைத்துக்கொண்டு பாடியை மாற்றினால், அதே பழைய கண்ணாடி புதிய சென்சாரோடும் புதிய குவிய முறையோடும் வேலை செய்யும். ஜிஎக்ஸ்ஆரில் அந்த மேக்ரோ லென்ஸ் என்றைக்கும் 2009-இன் சென்சாரோடுதான் வாழ வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். 28 யூனிட்டையும் 50 யூனிட்டையும் வாங்குகிறவர், 12 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சாருக்கு இரண்டு முறை காசு கொடுக்கிறார். எம் யூனிட்டையும் சேர்த்தால் மூன்று முறை. பாடி ஒன்று என்பதால் சிக்கனம் போலத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இருட்டறை:

எதை எதிலிருந்து பிரிக்கிறோம் என்பதில்தான் இந்த வழக்கே இருக்கிறது. ஒரு கேமராவின் உறுப்புகள் எல்லாம் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை. நல்ல கண்ணாடி அரை நூற்றாண்டு தாங்கும். சென்சாரும் சில்லும் சில ஆண்டுகளில் பழசாகிவிடும். பிடியும் பொத்தானும் நடுவில். பிரியும் இடத்தை நீண்ட ஆயுளுக்கும் குறுகிய ஆயுளுக்கும் நடுவே வைத்தால் அமைப்பு வாழும். ரிக்கோ நேர் எதிராகச் செய்தது. நெடுநாள் வாழும் லென்ஸையும் சீக்கிரம் சாகும் சென்சாரையும் ஒரே பெட்டிக்குள் வைத்து மூடியது. திரையையும் பேட்டரியையும் தனியே எடுத்து வைத்தது. அவற்றைக் கழற்றி எனக்கு என்ன ஆகப்போகிறது?

ஸ்வீடனின் ஹாசல்பிளாட் ஃபிலிம் கேமராவைப் பாருங்கள். 1957-இல் வந்த 500சி. லென்ஸ் தனி, அதற்குள்ளேயே ஷட்டர். மேலே வியூஃபைண்டர் தனி. பின்னால் ஃபிலிம் பெட்டி தனி. வெயிலில் மெதுவான ஃபிலிம், மண்டபத்துக்குள் வேகமான ஃபிலிம் என்று பாதிச் சுருளில் பெட்டியையே மாற்றலாம். மாற்றும்போது வெளிச்சம் படாமல் இருக்க ஒரு மெல்லிய உலோகத் தகடு. அதைச் செருகாவிட்டால் பெட்டி கழலாது, செருகியிருந்தால் ஷட்டர் அடிக்காது. கை தவறினாலும் ஃபிலிம் வீணாகாதபடி யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அந்தத் தகட்டை இழுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை வரும்.

1969 ஜூலையில் நிலவில் இறங்கியவர்கள் எடை குறைக்க ஹாசல்பிளாட் கேமராவை அங்கேயே விட்டுவிட்டு ஃபிலிம் பெட்டியை மட்டும் கொண்டுவந்தார்கள். படம் எதில் இருக்கிறதோ அது மட்டும் பிரிந்து வந்தால் போதும் என்ற வடிவமைப்பு அது. அதே இடத்தில் பின்னாளில், ஃபிலிமுக்குப் பதில் சென்சார் வைத்த டிஜிட்டல் பின்பெட்டி வந்து உட்கார்ந்தது. 2019-இல் அறிவித்த 50 மெகாபிக்சல் பெட்டி 1957-இன் பாடியிலேயே ஏறுகிறது. ஜிஎக்ஸ்ஆரின் 50 லென்ஸுக்கு இந்தக் கொடுப்பினை உண்டா?

பழுதுநீக்கி:

கடையில் கேமரா பிரித்து மாட்டுகிறவன் என்ற முறையில் ஒன்றிரண்டு சொல்கிறேன்.

முதலில், அடைத்த யூனிட்டில் தூசி வராது என்பது பாதி உண்மை. நீண்டு சுருங்கும் ஜூம் ஒவ்வொரு அசைவிலும் காற்றை உள்ளே இழுக்கும், வெளியே தள்ளும். காற்றோடு தூசியும் போகும். சாதாரண கேமராவில் சென்சார்மேல் தூசி விழுந்தால் லென்ஸைக் கழற்றி ஊதுபந்தால் இரண்டு ஊது ஊதினால் பெரும்பாலும் தீர்ந்தது. யூனிட்டுக்குள் விழுந்தால் மொத்தத்தையும் பிரித்தாக வேண்டும்.

அடுத்தது பூஞ்சை. கடலோர ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பீரோவில் துணிகளோடு ஒரு மழைக்காலம் கிடந்தால் போதும், கண்ணாடியில் சிலந்தி நூல் போலப் படர்ந்துவிடும். தனி லென்ஸ் என்றால் பிரித்துத் துடைத்து மாட்டிவிடுவேன். கழற்றிய லென்ஸுக்குப் பின்னாலேயே சென்சார் இருக்கிறது என்றால் அது வேறு வேலை. திரும்ப மாட்டும்போது சென்சாரின் தளம் ஒரு பக்கம் இம்மியளவு சாய்ந்தாலும் படத்தின் ஒரு மூலை மங்கும். நிறுத்திப்போன அமைப்பு என்பதால் உதிரிப் பாகமும் கிடைக்காது. ஒரு நல்ல யூனிட்டை இந்தக் காரணத்தால் கையை விரித்துத் திருப்பிக் கொடுப்பது எனக்கு மன வருத்தம் தரும் விஷயம்.

குறிஞ்சிநிலவன்:

இருட்டறை ஐயா, உங்கள் ஹாசல்பிளாடை மதிக்கிறேன். ஆனால் அந்த டிஜிட்டல் பின்பெட்டியின் சென்சார் 44க்கு 33 மி.மீ. ஃபிலிம் சட்டமோ 56க்கு 56. உங்கள் 80 மி.மீ. லென்ஸ் இயல்பான கோணத்தை இழந்து 115 மி.மீ. போல நெருங்கிவிடுகிறது. அகலக் கோணத்துக்காக வாங்கிய 50 மி.மீ. லென்ஸ் அகலமாக இல்லை. பழைய பாடியில் ஏறுகிறது என்பது உண்மை. பழைய லென்ஸ்களின் குணத்தோடு ஏறுகிறது என்பது உண்மை இல்லை. லென்ஸுக்கு அளவெடுத்துச் சென்சார் வைப்பதன் அருமை இங்கேதான் தெரிகிறது.

அதற்கு நல்ல சாட்சி 2011-இன் எம் யூனிட். எம் லென்ஸ்கள் சில சென்சாருக்கு மிக அருகில் வந்து நிற்பவை. ஓரங்களில் ஒளி சாய்வாக விழும். பொதுவான சென்சாரில் மூலைகள் கறுத்து நிறம் மாறும். ரிக்கோ அந்தச் சாய்வுக்கு ஏற்பச் சென்சார்மேல் உள்ள நுண்வில்லைகளை அமைத்தது, கூர்மையைக் குறைக்கும் வடிகட்டியை எடுத்துவிட்டது. பின்பகுதி நீண்ட லென்ஸ்கள் உள்ளே இடிக்குமா என்று பார்க்க, யூனிட்டோடு ஓர் அளவுகோல் வளையத்தையும் பெட்டியில் வைத்துக் கொடுத்தது. லென்ஸின் பின்புறத்தில் அதை வைத்துப் பார்த்தால் போதும். 1954-இலிருந்து வந்த அத்தனை எம் லென்ஸ்களுக்கும் ஒரு நிறுவனம் காட்டிய அக்கறை அது.

பாடியை மாற்றாமலே 12-இலிருந்து 16 மெகாபிக்சலுக்குப் போக முடிந்ததும் இதே அமைப்பில்தான்.

இருட்டறை:

தம்பி, உங்களுடைய சிறந்த சாட்சி எனக்காகத்தான் பேசுகிறது. எம் யூனிட்டில் லென்ஸ் இல்லை. சென்சாரும் சில்லும் ஷட்டரும், லென்ஸ் மாட்டும் இடமான ஒரு மவுண்ட் வளையமும்தான். லென்ஸைச் சென்சாரிலிருந்து பிரித்த உடனே அந்த அமைப்புக்கு உயிர் வந்தது. கேமரா கைவிடப்பட்ட பிறகும் ஜிஎக்ஸ்ஆரை மக்கள் தேடுகிறார்கள் என்றால் பெரும்பாலும் அந்த ஒரு யூனிட்டுக்காக.

நீங்கள் சொன்ன 44க்கு 33 குறை உண்மையான குறை. அகலக் கோணம் விரும்புகிறவர்களுக்கு அது வலிக்கும். ஆனால் நாளைக்கு யாராவது 56க்கு 56 சென்சார் செய்தால் அதே இடத்தில் மாட்டிக்கொள்ள வழி இருக்கிறது. மூடிய பெட்டியில் அந்த வழி அடைபட்டுவிட்டது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, மாட்டும் இடம் யாருக்குச் சொந்தம் என்பது. 2008-இல் ஒலிம்பஸும் பானசோனிக்கும் சேர்ந்து மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற பொது மவுண்டை அறிவித்தன. பின்னால் ஒலிம்பஸ் கேமராத் தொழிலையே விற்றது. 2021 முதல் அது வேறு நிறுவனம். ஆனாலும் அந்த லென்ஸ்களை வைத்திருந்தவர்கள் நடுத்தெருவில் நிற்கவில்லை. மறுபக்கம் நிக்கான் 1 அமைப்பு: 2011-இல் தொடங்கி 2018-இல் நிறுத்தினார்கள். வாங்கியவர்களுக்குப் போக்கிடம் இல்லை. 1987-இல் கேனன் எஃப்டி மவுண்டைக் கைவிட்டு ஈஎஃப்புக்குப் போனபோது எத்தனை பேருடைய சேமிப்பு ஒரே நாளில் பழைய சரக்கானது! நிக்கானோ 1959-இன் எஃப் மவுண்டை விடாமல் காத்தது. மவுண்ட் என்பது வாங்குகிறவருக்கு நிறுவனம் கொடுக்கும் வாக்கு. ரிக்கோவின் 68 முனை இணைப்பில் மாட்ட வேறு எந்த நிறுவனமும் யூனிட் செய்யவில்லை. வாக்குக் கொடுத்தவர் ஒருவர் மட்டுமே. அவர் போனதும் எல்லாம் போயிற்று.

தேன்சிட்டு:

இருவரும் ஒரு விஷயத்தைத் தொடாமலே போகிறீர்கள். கழற்றி மாட்டுவதற்கே ஒரு விலை இருக்கிறது, பிரியும் இடம் எங்கே இருந்தாலும். ஹாசல்பிளாடில் ஷட்டர் முறுக்கப்படாத நிலையில் லென்ஸ் கழன்றுவந்தால் அது திரும்ப ஏறாது; சிக்கிக்கொண்டால் பின்பெட்டியைக் கழற்றி உள்ளே திருப்புளி விட்டுத் திருப்ப வேண்டும். மழைக்காட்டில் நின்றுகொண்டு அதை யார் செய்வது? ஒவ்வொரு இணைப்பும் எடை, ஒவ்வொரு இணைப்பும் ஈரம் புகும் வழி, ஒவ்வொரு மாற்றமும் தவறவிட்ட ஒரு கணம்.

2013-இல் அதே ரிக்கோ என்ன செய்தது? லென்ஸ் கழலாத ஜிஆர் கேமராவைக் கொண்டுவந்தது. 18.3 மி.மீ. லென்ஸ் (28 மி.மீ. கோணத்துக்கு இணை), ஏபிஎஸ்-சி சென்சார், 16 மெகாபிக்சல், மொத்தம் 245 கிராம், சட்டைப் பையில் போகும். ஜிஎக்ஸ்ஆரின் 28 யூனிட்டிலும் அதே 18.3 மி.மீ.தான். லென்ஸையும் சென்சாரையும் ஒன்றாக அடைப்பது நல்லது என்று அந்த நிறுவனம் உண்மையிலேயே கண்டுகொண்டபோது, கழற்றும் வசதியைத்தான் தூக்கி எறிந்தது. அந்த வரிசைதான் இன்றுவரை நிலைத்திருக்கிறது.

என் கட்சி எளிது. ஒரு வேலைக்கு ஒரு கேமரா. பூச்சிக்கு மேக்ரோ மாட்டிய ஒரு மிர்ரர்லெஸ், தெருவுக்கு லென்ஸ் கழலாத ஒரு சிறிய கேமரா. இரண்டையும் திறக்காமல் பயன்படுத்துகிறேன்.

குறிஞ்சிநிலவன்:

இரண்டு கேமரா என்றால் இரண்டு மெனு, இரண்டு சார்ஜர், விரல்களுக்கு இரண்டு பழக்கம். ஜிஎக்ஸ்ஆரில் யூனிட் மாறினாலும் கட்டைவிரல் போகும் இடம் மாறாது. கண்ணை எடுக்காமல் வேலை செய்கிறவனுக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஒரே இடைமுகத்தின்கீழ் வெவ்வேறு கேமராக்கள் என்ற அந்த எண்ணம் எனக்கு இன்றும் அழகாகவே படுகிறது. பொது மவுண்ட்போல யூனிட்டின் இணைப்பையும் ரிக்கோ மற்றவர்களுக்குத் திறந்துவிட்டிருந்தால், இருட்டறை ஐயாவின் பெரிய ஆட்சேபம் எழுந்தே இருக்காது.

எம் யூனிட்டோடு ஒரு ஜிஎக்ஸ்ஆர் விலைக்கு வந்திருக்கிறது. வாங்கப் போகிறேன். பழுதுநீக்கி, எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பழுதுநீக்கி:

வாங்குங்கள், ஆனால் நேரில் பார்த்து. யூனிட்டைக் கழற்றி இணைப்பு முனைகளை டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பச்சை பூத்திருந்தாலோ ஒரு முனை வளைந்திருந்தாலோ வேண்டாம். மாட்டிய பிறகு யூனிட்டை மெல்ல மேலும் கீழும் அசைத்தபடி திரையைப் பாருங்கள். படம் விட்டுவிட்டு வந்தால் யூனிட் நகர்ந்து பூட்டும் தண்டவாளம் தேய்ந்திருக்கிறது. லென்ஸை எஃப்/16-க்கு மூடி வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்கள். எம் யூனிட்டில் சென்சார் கைக்கு எட்டும் என்பதால் தூசிக்குப் பயப்பட வேண்டாம். கீறல் மட்டும் இருக்கக் கூடாது. அந்த அளவுகோல் வளையம் பெட்டியில் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள், அகல லென்ஸ் மாட்டும்போது தேவைப்படும். பேட்டரி டிபி-90, பழசாகியிருக்கும். வாங்கும் முன்பே மாற்று கிடைக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள்.

24-85 யூனிட்டையும் சேர்த்துத் தருகிறேன் என்றால், அதற்குத் தனியே பணம் கொடுக்காதீர்கள்.