30,000 ரூபாயும் ஒரு மூட்டை அரிசியும்

கணக்குப்பிள்ளை: நேத்து 'கட்டற்றவன்' போட்டதைப் படிச்சதுல இருந்து வயிறு எரியுது. 42 வயசுல ஐடி வேலையை விட்டாராம், நாலு பேர் குடும்பம் மாசம் 30,000 ரூபாயில ஓடுதாம், 90 லட்சம் சேர்த்தா யார் வேணா 'விடுதலை' ஆகலாமாம். செலவுப் பட்டியல் போட்டிருக்கார் பாருங்க: பால் இருக்கு, கரண்ட் இருக்கு, கேஸ் இருக்கு. அரிசியைக் காணோம். கேட்டா 'அது ஊர்ல இருந்து வருது'ன்னு ஒரு வரி. ஊர்ல இருந்து வந்தா சும்மாவா?

கட்டற்றவன்: வயிறு எரிஞ்சா மோர் குடிங்க. நான் எழுதினது பணத்தைப் பத்தின மனசு எப்படி மாறுச்சுங்கறதை. பதினெட்டு வருஷமா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனாலே மறுநாள் மீட்டிங்கை நினைச்சு நெஞ்சு படபடக்கும். இப்ப அது இல்ல. வருஷச் செலவு 3,60,000, அதுக்கு 25 மடங்கு சேர்த்துட்டா அதுல இருந்தே எடுத்து வாழலாம்ங்கற கணக்குல 90 லட்சம். இதுல எது பொய்? அரிசி மன்னார்குடி பக்கம் எங்க பங்கு நிலத்துல விளையுது, அண்ணன் அனுப்புறார்.

கணக்குப்பிள்ளை: அப்ப அது வருமானம். பொன்னி கிலோ 60 ரூபாய்னு வைங்க. மாசம் ஒரு 25 கிலோ மூட்டை, 1,500. வருஷத்துக்கு 18,000. உங்க 25 மடங்கையே போடுறேன்: நாலரை லட்சம். நிலம் இல்லாதவன் உங்க பேச்சைக் கேட்டு வேலையை விட்டா அவனுக்கு யார் அரிசி அனுப்புவா, உங்க அண்ணனா?

வைகைக்கரை: அந்த 25 மடங்கே நம்ம ஊருக்குப் போட்ட கணக்கு இல்லீங்க. வில்லியம் பெங்கன்னு ஒரு அமெரிக்க நிதி ஆலோசகர் 1994-ல அந்த நாட்டுப் பங்கு, கடன்பத்திரம் இதையெல்லாம் வச்சுப் போட்டது. அதுவும் ஓய்வுக்காலம் 30 வருஷம்னு வச்சுக்கிட்டு. 42-ல விட்டவருக்கு 72 வரைக்கும் ஓடும். அதுக்கு அப்புறம்? பிஎஃப் பென்ஷன் முழுசா 58-லதான் வரும், அதுவும் 15,000 ரூபாய் சம்பள வரம்பை வச்சு.

கணக்குப்பிள்ளை: அதெல்லாம் அப்புறம். முதல்ல அரிசிக்குப் பதில் வரட்டும்.

நைட்டூட்டி: நான் நர்ஸ், பன்னெண்டு வருஷமா நைட் ஷிஃப்ட். எனக்கு 90 லட்சம் எல்லாம் கனவுல கூட வராது. போன வருஷம்தான் ஆறு மாசச் செலவுக்குப் பணம் பேங்குல சேர்ந்துச்சு. அதுக்கு அப்புறம் ஒரு நாள் 'டபுள் டியூட்டி பாரு'ன்னாங்க, முதல் தடவையா 'முடியாது மேடம்'னேன். கை நடுங்குச்சு. அன்னிக்குக் காலையில கேண்டீன்ல உக்காந்து டீ குடிச்சேன். எப்பவும் நின்னுக்கிட்டே குடிச்சுட்டு ஓடுவேன். நீங்க பேசுற சுதந்திரம் எனக்கு அவ்ளோதான்.

கணக்குப்பிள்ளை: நல்லது சகோதரி. ஆனா நீங்க அரிசியைக் கடையிலதானே வாங்குறீங்க? அதைத்தான் நானும் சொல்றேன்.

கட்டற்றவன்: எங்க அப்பா சேத்துல நின்னு காப்பாத்தின நிலம் அது. அதுல விளையுறதைக் குத்தகைக் கணக்கா ஆக்காதீங்க. நானும் சும்மா வாங்கல, தீபாவளிக்கு அண்ணனுக்கு வேட்டி சட்டை எடுக்குறேன்.

கணக்குப்பிள்ளை: வேட்டி சட்டையும் பட்டியல்ல இல்லையே!

அரவைமில்: ஒரு சின்னத் திருத்தம். கடையில 25 கிலோ மூட்டையை இப்ப எங்க பார்த்தீங்க? 2022 ஜூலையில 25 கிலோ வரைக்கும் பேக் பண்ணின அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்ததும் மில்லுங்க 26 கிலோ மூட்டை போட ஆரம்பிச்சாச்சு. கணக்குப்பிள்ளை கடைசியா எப்ப கடைக்குப் போனார்னு வீட்டுல கேட்டுச் சொல்லட்டும்.

கணக்குப்பிள்ளை: 26-ன்னா என் பக்கம்தான் இன்னும் பலம். மூட்டை 1,560. 25 மடங்குக் கணக்குல 4,68,000. நன்றி.

அரவைமில்: முன்னாடி நகைச்சீட்டு பத்திப் பேசின திரியிலயும் இதே வேலைதான். தப்புன்னு காட்டினா தொகையை மாத்திட்டு நன்றி சொல்லுவீங்க.

கணக்குப்பிள்ளை: அன்னிக்கும் நான் சொன்னதுதான் சரி. பழைய கடுப்பை இங்க கொண்டு வராதீங்க.

அரவைமில்: கடுப்பா? பத்து பேர் முன்னாடி என்னை 'தவிட்டு வியாபாரி'ன்னு சொன்னது யாரு?

நைட்டூட்டி: டபுள் டியூட்டிக்கு வரலைன்னா சம்பளம் பிடிக்கலாமா? யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க.

வைகைக்கரை: தவிட்டுக்கும் டிமாண்ட் இருக்கு சார், அதுல என்ன கேவலம்?

கட்டற்றவன்: எங்களுக்கு வர்றது 25-ம் இல்ல, 26-ம் இல்ல. அண்ணன் ஒரு சாக்குல கட்டி பஸ்ஸுல ஏத்தி விடுவார். எடை போட்டதே இல்ல.

கணக்குப்பிள்ளை: எடையே போடாமதான் ஊருக்கெல்லாம் 90 லட்சம்னு கணக்கு சொன்னீங்களா! சரி, பஸ்ஸுல லக்கேஜ் சார்ஜ் யார் கொடுக்குறா? நீங்களா, அண்ணனா?