எட்டாம் வகுப்போடு நிற்கும் பிள்ளைகள், குறையும் பள்ளி மானியம் (குடியாத்தம் பக்கம்)

பாலாற்றங்கரை:
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. பாதிக்கு மேல் பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளைகள். போன வருஷம் 103 பேர், இப்போது 98. மானியம் எவ்வளவு குறையும்? எட்டு முடித்த 14 பேரில் 5 பேர் ஒன்பதாம் வகுப்பில் எங்கேயும் சேரவில்லை. நீண்ட நாள் வராத சிலர் பெயரை நீக்காமல் வைத்தால் எண்ணிக்கை 100-ஐத் தாண்டும் என்று எஸ்.எம்.சி. (பள்ளி மேலாண்மைக் குழு) கூட்டத்தில் பேச்சு வந்தது. செய்யலாமா?

சுண்ணாம்புக்கட்டி:
ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட மானியம் படிக்கட்டு மாதிரி. 30 பேர் வரை 10,000. 100 வரை 25,000. 250 வரை 50,000. 1,000 வரை 75,000. அதற்கு மேல் ஒரு லட்சம். ஆக 98-க்கு 50,000 பாதியாகிறது. அதிலும் 10 சதவீதம் தூய்மைப் பணிக்கு. மீதி 22,500-இல் மின்சாரம், சில்லறை ரிப்பேர், பதிவேடு எல்லாம் ஓட்ட வேண்டும்.

படிக்கட்டு இருந்தாலும் பணம் வரும் என்பது வேறு கதை. ஒன்றிய அரசு 60, மாநிலம் 40 என்பது கணக்கு. பி.எம்.ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால் 2024-25-இல் 2,152 கோடி நின்றது.

பெயரை வைத்துக்கொள்ளும் யோசனை வேண்டாங்க. வருகை தினமும் ஆப்பில் ஏறுது, சத்துணவு முட்டைக் கணக்கும் அதோடு ஒத்துப்போக வேண்டும். 25,000-க்காக எச்.எம். (தலைமையாசிரியர்) தணிக்கையில் மாட்டுவார். உண்மையில் கவலைப்பட வேண்டியது ஆகஸ்ட் 1 எண்ணிக்கை. ஆசிரியர் பணியிடம் அதை வைத்துத்தான். ஒன்று முதல் ஐந்து வரை 60 பேருக்கு 2 ஆசிரியர், 61 ஆனால் 3. அந்த 61-இல் ஒரு பிள்ளை குறைந்தாலும் ஒரு போஸ்ட் போகும்.

பழைய வட ஆற்காடு:
அந்த 5 பேர் விஷயத்துக்கு வருகிறேன். டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) கொடுத்ததும் பெயர் எமிஸில், அதாவது கல்வித் துறையின் இணைய மாணவர் பதிவேட்டில், எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்களின் பட்டியலான காமன் பூலுக்குப் போய்விடும். வேறு பள்ளி எடுக்காதவரை அங்கேயே கிடக்கும். யாருக்கும் அது தன் பிள்ளை இல்லை. நடுநிலைப் பள்ளி "அனுப்பிட்டோம்" என்கிறது, உயர்நிலைப் பள்ளி "வரவே இல்லையே" என்கிறது.

அதனால் டி.சி.யைப் பெற்றோர் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். ஏப்ரல் கடைசியிலேயே எமிஸ் எண், பெற்றோர் செல் நம்பரோடு பட்டியல் எழுதி, பக்கத்து உயர்நிலைப் பள்ளி எச்.எம்.மிடம் நேரில் கொடுங்கள். ஜூன் இரண்டாவது வாரம் அதே பட்டியலை வைத்து யார் சேரவில்லை என்று பாருங்கள். ஜூலைக்குள் பிடித்தால் வருவார்கள். அதற்குப் பிறகு கூலி கையில் பழகிவிடும். 14 வயது தாண்டினால் கல்வி உரிமைச் சட்டமும் கைகொடுக்காது என்பதை மறக்க வேண்டாம்.

இலைக்கட்டு:
பீடி வீடு என்றால் ஒன்றிய தொழிலாளர் நலத் துறையின் உதவித்தொகை உண்டு. 1-4 வகுப்புக்கு வருஷம் 1,000; 5-8க்கு 1,500; 9, 10க்கு 2,000; பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு 3,000. தேசிய உதவித்தொகை போர்ட்டலில் விண்ணப்பம். சிக்கல் எங்கே என்றால், பீடி அடையாள அட்டை பாட்டி பெயரில் இருக்கும். தாய் அல்லது தந்தை பெயரில் இருந்தால்தான் செல்லும்.

என்.எம்.எம்.எஸ். (தேர்வு எழுதிப் பெறும் ஒன்றிய அரசு உதவித்தொகை) இதைவிடப் பெரிசு: ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000. தேர்வு எட்டாம் வகுப்பில், பணம் ஒன்பதில். விண்ணப்பத்தைச் சரிபார்க்க வேண்டியது புதிய பள்ளி. அங்கே போர்ட்டல் லாகின் யாரிடம் என்றே தெரியாமல் தேதி போய்விடும். தேர்வான பிள்ளைகள் பெயரை மேலே சொன்ன பட்டியலில் சிவப்பு மையில் எழுதுங்கள். பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் (எஸ்.சி., எஸ்.டி. என்றால் 55) எடுக்காவிட்டால் பிளஸ் ஒன்னில் நின்றுவிடும், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பாலாற்றங்கரை:
நன்றி. இரண்டு பேருக்கு உதவித்தொகை "அப்ரூவ்டு" என்று காட்டுது, பாஸ்புக்கில் பணம் இல்லை. ஏன்?

இலைக்கட்டு:
ஆதார் கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு சீடிங் (இணைப்பு) ஆனதோ அங்கேதான் விழும், விண்ணப்பத்தில் எழுதிய கணக்கில் அல்ல. கே.ஒய்.சி.க்காக (அடையாளச் சரிபார்ப்பு) ஆதார் கொடுத்தது மட்டும் சீடிங் ஆகாது, தனியாக டி.பி.டி. (அரசுப் பணம் நேராகக் கணக்கில் விழுவது) ஒப்புதல் படிவம் தர வேண்டும். முதலில் ஆதார் தளத்தில் "பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்" பாருங்கள். "இன்ஆக்டிவ்" என்றால் தபால் நிலையத்தில் போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்கு திறப்பது சுலபம்.